அப்பா எங்கே என்று சொக்கா அக்கா கேட்டார்

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

வீட்டைக் காலி செய்ய வந்திருக்கிறேன். நேப்பாளத்திலிருந்து புதிதாக வந்த வேலைக்காரர்களுக்கு வீடு வேண்டுமாம். தோட்ட நிர்வாகம் கேட்டுவிட்டது. உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை ஓடவில்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பின்னால் நீங்கள் போட்ட பாகற்கொடி காய்த்துத் தொங்குகிறது. பறிக்க மனசு வரவில்லை அப்பா.

என்றாவது இதைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். சாயந்தரமானால் குளித்துவிட்டு முனியாண்டி கோயிலைத் திறந்து விளக்கேற்றியவர். அம்மா போன பிறகு என்னைத் தனியாக வளர்த்தவர். அந்தப் பூசாரியின் மகள்தான் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளானாள், பிறகு மிஷனரியாகக் கம்போடியாவுக்குப் போனாள். தோட்டமே பேசியது. நீங்கள் மட்டும் பேசவில்லை.

ஞானஸ்நானம் வாங்கியதைச் சொன்ன அன்று “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டீர்கள். கம்போடியாவைப் பற்றிச் சொன்னபோதுதான் நிறையக் கேட்டீர்கள்.

“அங்க போயி என்னா செய்வ?”

“பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுப்பேன்பா. நோயாளிங்கள கிளினிக்குக் கூட்டிட்டுப் போவேன். இயேசுவப் பத்திச் சொல்வேன்.”

“சொன்னா கேப்பாங்களா?”

“தெரியலப்பா.”

“கேக்கலன்னாலும் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுப்பதானே?”

“குடுப்பேன்.”

“அப்பப் போயிட்டு வா லா.”

அந்த வாரமே கோயில் தலைவர் ராமசாமி மாமா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. “மக வேதத்துக்குப் போயிட்டா, நீ எப்படிப்பா விளக்கேத்துவ? ஜனங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க” என்றார். நீங்கள் கோயில் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தீர்கள். நான் கம்போடியாவுக்குப் போகவே மாட்டேன் என்று அழுதேன். “நான் கும்புடுறதுக்குச் சாவி எதுக்கும்மா? வெளிய நின்னு கும்புட்டா கேக்காதா?” என்று சிரித்தீர்கள். அன்று சாயந்தரமும் குளித்தீர்கள். கிளம்பிப் போய்ப் பூட்டிய கோயிலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தீர்கள்.

நான் போன ஊர் ஒரு ஆற்றங்கரை. மழைக்காலத்தில் வீடுகளுக்கு அடியில் தண்ணீர் வந்துவிடும். பிள்ளைகள் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் வரவில்லை. வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும், ஞாயிற்றுக்கிழமை வெறும் பாயைப் பார்த்துப் பிரசங்கம் செய்த நாட்கள் உண்டு. அழுதுகொண்டே உங்களைப் போனில் கூப்பிடுவேன். “பிள்ளைங்க வந்தாங்களா? அப்புறம் என்னா?” என்பீர்கள். போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பச் சொல்வீர்கள். அவர்கள் மொழியில் தாத்தாவுக்கு ‘தா’ என்று பேர். “தா! தா!” என்று கத்துவார்கள். திரைக்குள் நீங்கள் கையை ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

முதலில் வந்த பெரியவர் சொக்கா அக்கா. ஆற்றுமீன் விற்கிறவர், புருஷனை இழந்தவர். அவர் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது படகில் தூக்கிக்கொண்டு போனேன்; அதிலிருந்து பழக்கம். உங்களுக்கும் அவருக்கும் ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் போனில் நீங்கள் பாகற்காயைத் தூக்கிக் காட்டுவீர்கள். அவர் ஒரு பெரிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பேரும் அப்படிச் சிரிப்பீர்கள். நான் நடுவில் மொழிபெயர்க்க ஒன்றுமே இருக்காது.

நான் போன பிறகு பார்த்த முதல் ஆத்தும அறுவடை அவர்தான் என்று சபையில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தோம். அப்போதுதான் மூர்த்தி அண்ணன் போன் செய்தார். பெரியப்பா மகன், உங்களோடு வேலை செய்தவர். மழை விட்ட காலையில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தீர்களாம். “தண்ணி குடு” என்றீர்களாம். அண்ணன் எடுத்து வருவதற்குள் போய்விட்டீர்கள்.

படகு, வேன், விமானம். நான் வந்து சேரும்வரை எனக்காகக் காத்திருந்தீர்கள், வாசலில், பெட்டிக்குள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. கூட்டத்தில் ஒரு குரல், “அவ வேதக்காரி, அவ தொடக்கூடாது” என்றது. சபையிலிருந்து வந்தவர்கள் வேலிப் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. இரண்டு பக்கமும் பார்த்தேன். எந்தப் பக்கமும் எனக்குக் கால் நகரவில்லை அப்பா.

ராமசாமி மாமாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அவன் பெத்த மக. அவ போடாம வேற யாரு போடுவா?” என்று கத்தினார். பிறகு உங்கள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிருடா, உன்ன வெளிய நிக்க வச்சிட்டேன்டா” என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நான் அரிசியை எடுத்து உங்கள் வாயில் போட்டேன். உதடு சில்லென்று இருந்தது. சிரம்பான் சுடுகாட்டில் மூர்த்தி அண்ணன் கொள்ளி வைத்தார். தகன உலையின் கதவு மூடும்வரை நான் நின்றேன். ஜெபம் வரவில்லை. “அப்பா, அப்பா” என்றுதான் வந்தது. அது யாரைக் கூப்பிட்டது என்று எனக்கே தெரியவில்லை.

கருமாதி முடிந்து திரும்பிப் போனேன். சொக்கா அக்கா படகுத்துறையிலேயே நின்றிருந்தார். கட்டிக்கொண்டு அழுதார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

“தா உன் சாமியிடம் சேரவில்லையே. இப்போது அவர் எங்கே இருக்கிறார்?”

அவரே தொடர்ந்தார். “என் புருஷனும் உன் சாமியைக் கேள்விப்படாமலே செத்தார். நான் உங்களோடு சேர்ந்துவிட்டால் அவரை மறுபடி பார்ப்பேனா?”

இதற்குப் பதில் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் அப்பா. இயேசுவை ஏற்காமல் போனவருக்குப் பரலோகம் இல்லை என்று; எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் உங்களுக்கு மீனைத் தூக்கிக் காட்டியவர். அந்தப் பதிலில் உங்களை வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தெரியவில்லை அக்கா. தினமும் ஆண்டவரிடம் அதைத்தான் கேட்கிறேன்” என்றேன்.

அவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை. எங்கள் மிஷனரிக் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “ஒரு ஆத்துமாவ வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து சந்தேகத்தக் குடுத்துட்டியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது. அவர் சொன்னது சரியோ? புருஷனைப் பார்ப்பீர்கள் என்று பொய் சொல்லியிருந்தால் அந்த அக்கா இன்று எங்களில் ஒருவராக இருந்திருப்பாரோ? ஆனால் அது பொய் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? உண்மை என்றும் எப்படிச் சொல்ல?

விடுப்பில் கிளம்பும் முன்பு சொக்கா அக்கா உங்கள் படம் ஒன்று கேட்டார். கொடுத்தேன். அவருடைய புருஷன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேருக்கும் ஊதுபத்தி கொளுத்தினார், ஒரு கிண்ணம் சோறும் வைத்தார். மிஷனரியாக நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் வந்து பின்வரிசையில் பாயில் உட்கார்ந்தார். பாட்டு எல்லாம் பாடினார்.

இன்னும் ஒரு தவணை கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறாயா என்று சபை கேட்டிருக்கிறது. ஆம் என்று சொல்லிவிட்டேன் அப்பா. விசுவாசம் போய்விட்டதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. முன்பு பதில்கள் இருந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆண்டவரிடம் பேசப் போனால் முதலில் உங்களைத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த ஆற்றங்கரையில் யார் எப்போது கேட்டாலும், தெரியாததைத் தெரிந்தது மாதிரி சொல்ல மாட்டேன். இயேசுவைப் பற்றிச் சொல்வேன், அதை நிறுத்த மாட்டேன். உங்களைப் பற்றியும் சொல்வேன். இரண்டில் ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
செல்வி