மூன்று இலக்கச் சம்பளம்

2022 டிசம்பர் 29, ஒசியெக், குரோஷியா
இன்னும் மூன்று நாளில் குனா போய் யூரோ வருகிறது. ஏழரை குனாவுக்கு ஒரு யூரோ. பொருளாதாரம் படித்தவள் நான். நாணயம் மாறுவதால் விலைவாசி பெரிதாக ஏறாது, காபிக்கடையிலும் சலூனிலும் ஒருமுறை ஏறி நின்றுவிடும் என்று நாற்பது பக்கம் ஆய்வு எழுதியவள். இன்று கைக்குழந்தை லோட்டாவுக்கு இருபத்தாறு பாக்கெட் டயப்பர் வாங்கி அடுக்கினேன். "உன் ஆய்வை நீயே படிக்கலையா?" என்றான் வியேக்கோ. கணவன் என்றால் இதெல்லாம் கேட்கக் கூடாது.

2023 ஜனவரி 4
சீஸ் 12.40 என்று பார்த்து மூன்று துண்டு எடுத்தேன். அது யூரோ. பக்கத்திலேயே குனா விலையும் போட்டிருந்தது. கண் சின்ன எண்ணுக்குத்தான் போனது.

ஜனவரி 11
நான் எடுக்கும் கணக்கு ட்யூஷன் மணிக்கு 60 குனா. மாற்றினால் 7.96 யூரோ. எட்டாக வாங்கினால் விலை ஏற்றியவர்கள் பட்டியலில் என் பெயர் வந்துவிடுமோ? கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருக்கும் ஸ்லாட்டாவின் மகள் தேனாவிடம் நான்கு சென்ட் திருப்பிக் கொடுத்தேன். "அம்மா சிரிப்பாங்க டீச்சர்," என்றாள்.

ஜனவரி 16
டிராம் ஓட்டி 7,500 குனா வாங்கிய என் கணவன் இன்று 995 யூரோக்காரன். ஒரு காசு குறையவில்லை என்று வகுத்துக் காட்டினேன். சம்பளச் சீட்டையே வெறித்துக்கொண்டிருந்தான். டப்ளினில் பஸ் ஓட்டும் சித்தப்பா மகன் டாமிருக்கு மூவாயிரமாம். "முன்னாடி கணக்குப் போட்டாத்தான் தெரியும். இப்ப சும்மா பார்த்தாலே தெரியுது," என்றான். இவனும் அங்கே போகிறானாம். முதலில் தனியாக. லோட்டாவுக்கு ஏழு மாதம் — நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன்?

பிப்ரவரி 20
75 குனாவுக்கு முடிவெட்டிய ஸ்லாட்டா 12 யூரோ ஆக்கிவிட்டாள். கீழே போய்ப் பொங்கினேன். அவள் கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.
"புரொபசரம்மா, என்கிட்ட வேலை செய்யுற பொண்ணு அயர்லாந்து சம்பளத்தை போன்ல காட்டிக்கிட்டு நிக்கிறா. ஏத்தலைன்னா பிளேன் ஏறிடுவா. அப்புறம் நீங்க உங்க முடியை நீங்களே வெட்டிக்குவீங்களா?"
நாற்பது பக்கத்தில் நான் விட்டது இதுதான். விலையை ஏற்றுவது நாணயம் இல்லை. பணக்காரப் பக்கத்து வீட்டுச் சம்பளம் கண்ணில் பட்டுவிட்டால் நம் சம்பளம் அதன் பின்னால் ஓடுகிறது, விலை அதன் பின்னால். ஓட்டம்கூட இல்லை, நடை. வருடக்கணக்காகும். அதுவரை வியேக்கோ பொறுப்பானா?
ட்யூஷன் இனி பத்து யூரோ என்று தேனாவிடம் சொல்லியனுப்பினேன். ஸ்லாட்டாவின் பதில் மாடிப்படியிலேயே வந்தது: "இப்பத்தான் வழிக்கு வந்தீங்க."

2024 மே 6
வியேக்கோவுக்கு டப்ளின் பஸ் கம்பெனியிலிருந்து கடிதம். செப்டம்பரில் சேரலாம். வாழ்த்துச் சொன்னேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 2
டிராம்காரர்களுக்குச் சம்பளம் ஏறியது. 1,240. டிக்கெட்டும் ஏறியது.

ஆகஸ்ட் 18
முடிவெட்ட 15. ட்யூஷன் 12.
மதியம் வியேக்கோ டாமிரோடு பேசிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் சம்பளத்தை மட்டுமே கேட்டவன் இன்று காபி, முடிவெட்டு, வாடகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இரண்டு அறை வீடு இரண்டாயிரமாம். அதற்கும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை, சும்மா பார்த்தாலே தெரிந்தது.
போனை வைத்தான். அப்புறம், செப்டம்பரிலிருந்து லோட்டாவைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட டிராமில் தனக்கு எந்த ஷிப்டு வசதி, காலையா மதியமா என்று என்னிடம் கேட்டான்.
மதியம் என்றேன்.