இரண்டு வினாடி மீதம்

டன்மோர், மிசிசிப்பி
டிசம்பர் 3

தம்பி ஹோலிஸ்,

நீ டெக்சாஸில் மகள் ஜனெல் வீட்டுக்குப் போய்விட்டாய் என்று தபால்காரி நோரீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் புது விலாசம் எழுதிக் கொடுக்க உனக்கு நேரம் இருந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லை. இதையும் நான் மறக்கப்போவதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் ஜனெலிடம் காட்டிச் சிரிக்காதே.

ஊர் இன்னும் இழவு வீடாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் பொறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பின் பெஞ்சிலிருந்து பட் மேக்கி, "இதை ஹோலிஸுக்குப் போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதாய்யா? ரெண்டே ரெண்டு செகண்டுதானே!" என்றான். பாதிரியார் மனைவிகூடச் சிரித்தாள். நான் எழுந்து, "உங்கப்பன் எதிர் டீம் பிராக்டன்காரன் பஸ்ஸுக்குத் தன் வயல்ல நிறுத்த இடம் கொடுத்தவன்டா. அறுபத்தெட்டுல. நீ வாயத் தொறக்காதே" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

வெளியாள் உன்னைப் பேசினால் விடமாட்டேன். நான் பேசுவேன்.

பதினேழு வருஷம், ஹோலிஸ். அப்பா போனதிலிருந்து ஒவ்வொரு நவம்பரும், நன்றி நாள் விருந்து வான்கோழியின் மிச்சத்தை ரொட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு நம் காலேஜ் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போய், பிராக்டன் காலேஜிடம் தோற்று, பேசாமல் காரில் திரும்பியிருக்கிறோம். இந்தத் தடவை ஒரு புள்ளி முன்னால் நின்றோம். அவர்கள் கடைசியாக வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. நேரப் பலகையில் இரண்டு வினாடி மீதம். உதைத்துக் கம்பத்துக்கு நடுவே போடலாமென்றால் எட்டாத தூரம். அதைவிடக் கிட்டத்திலிருந்தே அவர்கள் பையன் அன்றைக்கு இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தான்.

அப்போது நீ, அறுபத்தொன்பது வயதுக் கிழவன், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, முதல் வரிசைக் கம்பியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினாய். உன்னைப் பார்த்து காலேஜ் பிள்ளைகள் மொத்தமும் ஓடிவந்தன. ஆட்டம் முடியாமல் உள்ளே வந்த குற்றத்துக்குப் பந்தைப் பதினைந்து கெஜம் நம் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அவன் உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டது. பட்டு உள்பக்கம் விழுந்தது. மறுபடி தோற்றோம்.

ஏன் ஓடினாய்? பக்கத்தில் இருந்தவள் நான் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

வெர்னா


லபக், டெக்சாஸ்
டிசம்பர் 15

அன்புள்ள அக்கா,

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

இங்கே ஒரே காற்று. மறைக்க ஒரு மரம் கிடையாது. உடற்பயிற்சி மிஷின் கிடந்த அறையை ஜனெல் எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். மிஷின் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதன் கைப்பிடியில் என் கால்சட்டையைத் தொங்கவிடுகிறேன். பேத்தி முதல் நாளே கேட்டுவிட்டாள்: "தாத்தா, அந்த வீடியோல ஓடுற தாத்தா நீங்கதானா? நல்லா ஓடுறீங்க!" மளிகைக் கடையில் ஒருத்தன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "பெருசு, பில்லு போட்டு முடியல, இன்னும் ரெண்டு செகண்டு இருக்கு, ஓடிடாதீங்க" என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

ஊரைவிட்டு வந்தது திட்டினார்கள் என்பதால் இல்லை. பெட்ரோல் பங்கில் காலைக் காப்பிக்குப் போனேன். எல்லோரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். ராண்டி சர்க்கரையை எடுத்து முன்னால் வைத்தான். அதன் பிறகு ஒருத்தரும் பேசவில்லை. வானிலையைப் பற்றிக்கூட. திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.

ஏன் ஓடினேன் என்று கேட்காதே அக்கா. ஓடினேன். அவ்வளவுதான்.

ஹோலிஸ்


டன்மோர்
ஜனவரி 6

ஹோலிஸ்,

"அவ்வளவுதான்" என்று எழுதினால் ஆயிற்றா? அப்படி ஒரு பதிலை நான் ஊரில் யாரிடம் சொல்ல முடியும்?

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பீகன் கொட்டை போட்டு இனிப்புப் பை சுட்டேன். உனக்கென்று ஓரத்துத் துண்டை எடுத்து வைத்து, பிறகு நாய்க்குப் போட்டேன். பேரன் ட்ரேஸ், "விடு பாட்டி, வெறும் ஆட்டம்தானே" என்றான். வெறும் ஆட்டமாம். அவன் அம்மா கூப்பிட்டுக்கொண்டு போகும்வரை நான் அவனிடம் பேசவில்லை.

உனக்குத் தெரியும் என்னை. எழுபத்துநான்கில் பந்தை நழுவவிட்டவன் பெயர் கேள், அவன் எந்தக் கையில் கட்டுப் போட்டிருந்தான் என்று கேள், சொல்வேன். உன் அத்தான் ராயின் கல்யாணக் கோட்டைத் தைத்தவன் ஒரு பொத்தானைக் குறைத்தான், அதையும் சொல்வேன். குடும்பத்தில் எந்தச் சண்டை வந்தாலும் "வெர்னாவைக் கேளு" என்றுதானே வந்து நிற்கிறார்கள்? எனக்குத் தெரியாத ஒன்றே ஒன்று நீ ஏன் அந்தக் கம்பியைத் தாண்டினாய் என்பது. அது தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சொல். சொல்லிவிட்டுக் கிளம்பி வா. பட் மேக்கியையும் காப்பிக் கூட்டத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் சொல்.

அக்கா


லபக்
ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

என் கண் உனக்குத் தெரியும். அந்தக் கோடியில் இருக்கிற பலகை எனக்கு வெறும் மஞ்சள் வெளிச்சம். எத்தனை வருஷமாக நீதான் எனக்கு நேரம் சொல்கிறாய். "நாலு நிமிஷம் இருக்குடா, ஒக்காரு." "கடைசி வாய்ப்புடா, எழுந்திரு." நான் உன் குரலை வைத்துத்தான் ஆட்டம் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பந்து விழுந்ததுகூடக் கூட்டத்தின் சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. அப்போது நீ என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாய். "முடிஞ்சுபோச்சுடா ஹோலிஸ்! போ! அப்பாவுக்காகப் போடா!" என்று கத்தினாய். திரும்பிப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். ராயைப் புதைத்த அன்றைக்குக்கூட நீ அழுது நான் பார்த்ததில்லை. அதனால் போனேன். முழங்கால் வலித்ததே தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் குறை இல்லை. நீ பலகையைப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர். யாராயிருந்தாலும் அப்படித்தான். இதை நான் ஜனெலிடம்கூடச் சொல்லவில்லை. ஊர் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், தாங்குவேன். நீயே "ஏன் ஓடினாய்" என்று எழுதிக் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் தம்பி
ஹோலிஸ்


டன்மோர்
பிப்ரவரி 2

ஹோலிஸ்,

நான் அப்படிச் சொல்லவில்லை.

நான் பலகையைப் பார்த்தேன். இரண்டு என்று இருந்தது. பலகையைப் பார்க்காமல் நான் ஒரு ஆட்டம்கூட உட்கார்ந்ததில்லை. நீ எழுந்ததும் பிடித்து நிறுத்தத்தான் கை நீட்டினேன். உன் முதுகில் சட்டை மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, பிடி கிடைக்கவில்லை, கை வழுக்கிவிட்டது. அழவும் இல்லை. மழை.

ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள், வெர்னா ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாளா என்று. செய்ததை ஒத்துக்கொள்ள முடியாமல் கூடப்பிறந்தவள் தலையில் கட்டுகிறாயே, அப்பா இருந்திருந்தால் உன்னை என்ன சொல்வார்?

இதை வேறு யாரிடமும் சொல்லி வைக்காதே. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறவரை இந்தப் பக்கம் வர வேண்டாம்.

வெர்னா


லபக்
பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

சரி. நீ சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் எனக்கு அப்படிக் கேட்டிருக்கும். உன் ஞாபகத்தோடு மோதி நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். யார் கேட்டாலும் கிழவன் தானாகத்தான் ஓடினான் என்று சொல். நானும் அதையே சொல்கிறேன்.

ஆனால் வரமாட்டேன் அக்கா. கோபத்தில் இல்லை. யோசித்துப் பார்த்தேன். வந்தால் மறுபடி உன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். நீ நேரம் சொல்வாய். நான் அதை நம்ப வேண்டும். இனிமேல் என்னால் முடியாது போலிருக்கிறது.

என் இருக்கையை ட்ரேஸுக்குக் கொடு. வீட்டை ஜனெல் வந்து பார்த்துக்கொள்வாள். முழங்காலுக்கு நீ போடுகிற அந்த எண்ணெயின் பெயர் மறந்துவிட்டது. இங்கே கேட்டால் கடையில் விழிக்கிறார்கள். பரவாயில்லை, இந்தக் காற்றில் வலி குறைவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹோலிஸ்


டன்மோர்
செப்டம்பர் 8

தம்பி,

மார்ச்சில் எண்ணெய் அனுப்பினேன். ஜூனில் ஒரு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கிடைத்ததா என்று ஜனெலிடம் போனில் கேட்டேன். "கெடச்சுது அத்தை. அப்பா மேசை மேலதான் இருக்கு" என்றாள். 

நேற்று முதல் ஆட்டம். ஏதோ ஒரு சின்னக் காலேஜை ஜெயித்தோம். அதில் பெருமை இல்லை. நவம்பரில் பிராக்டன் ஊருக்கு நாம் போக வேண்டும். அங்கே என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

ட்ரேஸ் உன் இடத்தில் உட்கார்ந்தான். இடைவேளைக்கு முன்னால் என்னையறியாமல், "ஒரு நிமிஷம் இருக்குடா, ஒக்காரு" என்றேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்குக் கண்ணு தெரியும் பாட்டி" என்றான். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் ரொம்ப நேரம் நடந்தது போலிருந்தது.

பட் மேக்கி வறுத்த கோழியும் தட்டுமாக நம் வரிசைக்கு வந்தான். கிண்டலுக்குத்தான் வருகிறான் என்று நானும் அவன் அப்பன் கதையை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றி, "ஹோலிஸ் எப்படி இருக்கான் வெர்னா? வருவானா?" என்று கேட்டுவிட்டு, கோழியை உன் இடத்தருகே வைத்துவிட்டுப் போனான். வேறு யாரும் உன்னைப் பற்றிப் பேசவே இல்லை. ஊர் மறந்துவிட்டது, ஹோலிஸ். மறக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். மறந்த பிறகு பார்த்தால் அந்த நாளை வைத்துக்கொண்டிருப்பது நான் ஒருத்தி, நீ ஒருத்தன்.

எழுது. காற்று எப்படி இருக்கிறது என்று எழுது. பேத்தி என்ன சொன்னாள், முழங்கால் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டாய், எதை வேண்டுமானாலும் எழுது. அன்றைக்கு நான் சொன்னதை மட்டும் எழுதாதே.

உன் அக்கா
வெர்னா