ஜெனிபர் தனியாகப் போகவில்லை

கம்ப்யூட்டர் லேபைத் திறந்ததும் இன்றும் அதே ஈரக் கோணி வாசனை. உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மாலை சிறப்பு வகுப்பு ஆறரைக்கு முடியும். மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் குப்பம் வரை துணையில்லாமல் வருவதென்றால் வகுப்பே வேண்டாம் என்று, நம் வகுப்பு ஜெனிபரிடம் மீன் விற்கும் அவள் அம்மா சொல்லிவிட்டார். யாரோடு யார் போகலாம் என்று கணினியில் தேடலாம் என்றாய் நீ. ஆளுக்கொரு புள்ளி, சேர்ந்து போகிறவர்களுக்கு நடுவே ஒரு கோடு. அதை அப்படியே சேமிக்கிற கிராஃப் டேட்டாபேஸ் ஒன்று வேண்டும்.

பெயர் பெற்ற பெரிய டேட்டாபேஸ் ஒன்றை, அது காட்டும் வண்ணப் படங்களுக்காக, நான் எடுத்தேன். லேபின் பழைய கம்ப்யூட்டர் அதைத் திறக்க முயன்று உறைந்து நின்றது.

"நாம நாப்பத்திரெண்டு பேரு. இதுக்கு இன்னாத்துக்குடி ரயிலு? ஷேர் ஆட்டோ போதும்" என்றாய்.

நீ தேடிப் பிடித்தது ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தனி சர்வர் கேட்காது, பைத்தான் நிரலுக்குள்ளேயே ஓடும், பென்டிரைவில் அடங்கும். "புரியலேன்னா உள்ள தொறந்தே பாக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க" என்றாய். அன்றே ஜெனிபருக்கு வழி வந்தது: அடையாறு வரை பஸ்ஸில் நீ, அங்கிருந்து டியூஷன் முடித்து வரும் அவள் அத்தை மகள்.

அரையாண்டு விடுமுறையில் காய்ச்சலில் நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். பள்ளி திறந்ததும் உன் பெயருக்கு நேரே 'வருவதில்லை' என்று குறித்துவிட்டுத் தேடினேன். வழி இல்லை என்று வந்தது. ஜெனிபர் பையை எடுத்துக்கொண்டாள். "வுடுடி. நாளையிலேர்ந்து நான் வர்ல."

"கோடு இல்லேன்னா ஆள் இல்லேன்னு இல்ல, நாம கேக்கலேன்னு அர்த்தம்" என்பாய். மாலையில் நம்மைப் போலவே ஆறரை வரை இருக்கும் ஒன்பதாம் வகுப்புகளில் பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கேட்டேன். உன் சின்ன டேட்டாபேஸ் புதுப் புள்ளிகளை முனகாமல் ஏற்றுக்கொண்டது. தேடலைத் தட்டினேன். கோயில் குளத்து பஸ் ஸ்டாப் வரை ஒருத்தி, அடையாறு வரை அக்கா தங்கை இருவர், பிறகு அத்தை மகள். வீட்டு வாசல் வரை வழி வந்துவிட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

நேற்று கடைசி சிறப்பு வகுப்பு. ஜெனிபரின் அம்மா கூடையோடு பள்ளிக்கே வந்தார். "ஒரு நாளுகூட எம்பொண்ணு தனியா வர்ல. அந்தக் கம்ப்யூட்டர காட்டும்மா." திரையில் ஒரு புள்ளிமேல் விரல் வைத்தார். "இதுலேர்ந்து இத்தினி கோடு போவுதே, இது யாரு?"

உன் புள்ளி. அதை நான் அழிக்கவில்லை.

"இத ஆரம்பிச்சவ" என்றேன்.

இப்போதெல்லாம் யாராவது தனியாக நின்றால் என் வாயில் தானாக வருகிறது: "நீ எந்தப் பக்கம் போற?"