காதுகுத்துப் பத்திரிகையில் ஓர் அஞ்சல்தலை

கோயம்புத்தூர்
3.11.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இனியா இப்போதுதான் தூங்கினாள். அவளுடைய காதுகுத்துப் பத்திரிகை வந்ததிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால் கடிதம்.

முகப்பில் இருப்பது உங்கள் ஆல்பத்து அஞ்சல்தலைதான். 1966இல் ஓர் எழுத்தாளருக்காக வெளியிட்டது. ஆடிக்கு அங்கே வந்தபோது கேட்காமல் படம் எடுத்துக்கொண்டேன். பாப்பாவுக்கு நல்ல படிப்பு வரட்டும் என்று ஓர் ஆசை. அந்தக் கோபமா?

இதற்குள் மாடிவீட்டு வக்கீல் நவ்யா வேறு பயமுறுத்திவிட்டார். “ஏனுங்க லோகா, தபால்துறைகிட்ட கேட்டீங்களா? வெளிவந்த வருசம் போக அறுபது வருசம் உரிமை அவங்களுதுங்க. ஜனவரி பொறந்துட்டா யாரு வேணாலும் போடலாம்.”

என் வீட்டுக்காரரோ சிரிக்கிறார்: “ஜெயில்ல பாப்பாவுக்குத் தனித் தொட்டில் கேட்டு வாங்கிக்கலாம், விடு.”

நானூறு பத்திரிகையும் கொடுத்தாயிற்று. நவம்பரில் தப்பாக இருப்பது ஜனவரியில் எப்படிச் சரியாகும்? படம் வரைந்தவரையும் கேட்க வேண்டுமா? ஒன்றும் புரியவில்லை அண்ணா. 22ஆம் தேதி உங்கள் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்?

உங்கள் தங்கை,
லோகப்பிரியா

சத்தியமங்கலம்
7.11.2026

அம்மணி லோகாவுக்கு,

சட்டம் எனக்குத் தெரியாது. அஞ்சல்தலைக்காகவும் கோபமில்லை. கேட்டிருந்தால் ஆல்பத்திலிருந்து எடுத்தே கொடுத்திருப்பேன்.

பத்திரிகையை ஒருதரம் முழுதாகப் படி கண்ணு. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் எல்லாரும் இருக்கிறார்கள். தாய்மாமன் என்ற வரி எங்கே? சந்தையில் சுப்பண்ணன் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: “ஏனுங் கிருபா, உங்கூட்டுப் புள்ளைக்கு மாமனே இல்லீங்களா?” சிரித்துப்போட்டு வந்துவிட்டேன்.

குழந்தைக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், தேவலையா?

கிருபாசங்கர்

கோயம்புத்தூர்
11.11.2026

அண்ணா,

பத்திரிகையை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். தாய்மாமன் வரியே இல்லை.

அச்சகத்துக்காரர் கேட்டது நினைவிருக்கிறது. “படம் பெருசா வேணும்னா ஒரு வரி எடுக்கணுங்க.” பாப்பா இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். “எதையாச்சும் எடுத்துப்போடுங்க” என்றேன். எதை எடுத்தார் என்று பார்க்கவில்லை. எழுத்தாளர் மூக்கின் மேல் விழுந்திருந்த தபால் முத்திரை தெரிகிறதா என்று மட்டும் பத்து முறை பார்த்தேன்.

நேற்றுத்தான் தபால்துறைக்கு அனுமதி கேட்டு இரண்டு பக்க மனு எழுதினேன். அனுப்புவதா கிழிப்பதா? உங்கள் பெயரோடு மறுபடி அச்சடிக்கலாமா? அப்படிச் செய்தால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடாதா? நானூறு வீட்டுக்கும் போன் செய்து என்னவென்று சொல்வது?

என் மாமியார் உங்கள் இடத்தில் தன் அக்கா மகனை உட்காரவைக்கலாம் என்கிறார். முடியாது என்றுவிட்டேன். நீங்கள் வராவிட்டால் தேதியைத் தள்ளிவைப்பேன். யார் என்ன சொன்னாலும் சரி.

உங்கள் மனம் இறங்கியதா என்று கேட்க எனக்கு வாயில்லை. வருகிறீர்களா, இல்லையா, அதைமட்டும் சீக்கிரம் எழுதுங்கள்.

லோகா