வெள்ளிக்கிழமைக்கு ஒரு விதி

ஜூலை 2, புதன்

எங்கள் கம்பெனிக்கு அறிவு வரப் போகிறது. மேனேஜர் ஹேமநாதன் சாப்ட்வேர் வாங்கிவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களிடம் இருப்பது இரும்பைச் செதுக்கும் ஒரே ஒரு பெரிய மில்லிங் மிஷின். அதற்கு நான்கு செக்‌ஷன்காரர்கள் அடிபிடி. யார் வேலை முதலில் ஏறும் என்று பதினாறு வருஷமாக நான்தான் தீர்மானிக்கிறேன். இனி அது தீர்மானிக்குமாம்.

"வடிவு மேடம், உங்க பாரம் குறையும்" என்றார். என்ன கரிசனம்!

ஜூலை 3

பயிற்சி. சொல்லிக்கொடுத்த ஸ்வாதிக்கு என் மகள் வயது. கம்ப்யூட்டருக்கு ஏன் ஆபரேட்டிங் சிஸ்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். எந்தப் பட்டனை அமுக்குவது என்று சொன்னால் போதாதா? ஆனால் கேட்கக் கேட்கத் தூக்கம் போய்விட்டது.

ஆரம்பத்தில் அப்படி எதுவுமே கிடையாதாம். அவரவர் கணக்கைத் துளைகளாகப் போட்ட அட்டைக் கட்டோடு வந்து, அவரவரே மாட்டி, ஓட்டி, கழற்றிப் போவார்களாம். கணக்கு போட ஐந்து நிமிடம், மாட்டிக் கழற்ற அரை மணி. அத்தனை விலை கொடுத்த மிஷின் அதுவரை சும்மா நிற்கும். அதனால் நடுவில் ஓர் ஆளை வைத்தார்கள். அவர் ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்து வரிசையாக ஏற்றினார். பிறகு அவர் கையும் மெதுவாகத் தெரிந்தது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைக் கூப்பிட மிஷினுக்குள்ளேயே ஒரு புரோகிராமை உட்கார வைத்தார்கள். ஒருவர் வேலை இன்னொருவர் இடத்தில் கை வைக்காமல், ஒருவரே நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளாமல் பார்ப்பதும் போகப்போக அதன் பொறுப்பானது.

"அந்த நடு ஆள் என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"அது சிலபஸ்ல இல்ல மேடம்."

ஜூலை 8

என் மண்டையில் இருப்பதையெல்லாம் எழுதித் தர வேண்டுமாம். முப்பத்தேழு விதி எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு, ஆள் தொடாமல் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற வேலையைத்தான் ஏற்றுவேன். ஆபரேட்டர் மஸூத் ஜும்மாவுக்குப் போய் வந்துவிடுவான், மிஷினும் நிற்காது. இது சாப்ட்வேருக்குத் தெரியாது. ஒரு வெள்ளி முழிக்கட்டும். பிறகு என்னைத் தேடி வரட்டும்.

ஜூலை 11, வெள்ளி

முழித்தது. பத்து நிமிட வேலைகளாக வரிசைகட்டி வைத்திருந்தது. மஸூத் தொழப் போனான். மிஷின் ஒன்றேகால் மணி நேரம் நின்றது. உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. யாரும் என்னைத் தேடி வரவில்லை என்பதுதான் ஒரு சின்னக் குறை.

ஜூலை 12

தேடியது மஸூதை. மெமோ கொடுத்துவிட்டார்கள். இனி வெள்ளிக்கிழமை வெளியே போனால் வேறு ஆள் போடுவார்களாம்.

"பத்து வருசமா போய்கினுதான்க்கா கீறேன். ஒரு நாளும் மிஷினு நின்னதில்ல. இப்ப மட்டும் இன்னாக்கா ஆச்சு?"

இத்தனை நாள் நீள வேலை தானாக வந்ததாக நினைத்திருக்கிறான். நானும் சொன்னதில்லை. இப்போது எந்த முகத்தோடு சொல்வது? — ச்சீ, இதெல்லாம் ஒரு பொழப்பாடி வடிவு?

ஜூலை 14, திங்கள்

முப்பத்தெட்டாவது விதியை எழுதினேன். மெமோவைக் கிழித்தால்தான் தருவேன் என்றேன். ஹேமநாதன் கிழித்தார்.

"அவ்ளோதானே மேடம்? வேற எதுவும் பாக்கி இல்லையே?"

ஏன் கேட்கிறார் என்று தெரிந்தேதான் "இல்லை" என்றேன்.

ஜூலை 18

எனக்கு வேலை நீக்கம் இல்லையாம். 'விடுவிப்பு'. எவ்வளவு மென்மையான தமிழ்!

ஜூலை 25, வெள்ளி

வேப்பம்பட்டு வீட்டில் ஐந்தாவது பகல். இரண்டரைக்கு மஸூத் போன் செய்தான்.

"யக்கா, தொழுதுட்டு இப்பதான் வந்தேன். மிஷினு ஓடிகினே கீது, நிக்கவே இல்ல. நீ இல்லாங்காட்டியும் அதுவே கரெக்டா போட்டுச்சுக்கா!"

சந்தோஷமாகத்தான் சொன்னான், பாவம். நன்றாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.