ரோட் என்ற சொல்லும் அம்மாவின் பயணமும்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சிவானிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் காலி வீதி பஸ்களின் புகையைக் குடித்துக்கொண்டு சுகமாய் இருக்கிறோம். நீயும் மருமகன் கஜீவனும் வயிற்றுப்பிள்ளையும் மெல்பேர்ன் குளிரில் அதேயளவு சுகமாய் இருக்கவேண்டும். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. உன் பிள்ளைப்பேற்றுக்குத் தனியே வரப்போகிறவ என்று நீ சொன்னபடி இங்கிலீஷ் கிளாசுக்கும் அனுப்புகிறேன். ரீச்சர் றொசானா போன கிழமை முழுக்க ரோட் என்ற ஒரே சொல்லைத்தான் படிப்பித்தா. இங்கிலீஷ்காரர் புறப்படுவதென்றால் ரோட்டை அடிப்பார்களாம், அதற்கு முதல் ரோட்டுக்கென்று கடைசியாய் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடிப்பார்களாம், எந்தப் பக்கமும் சாயாத மனிசனை நடுரோட்டு ஆள் என்பார்களாம். குடிச்சுப்போட்டு ரோட்டை அடிச்சு நடுவில போய் நிண்டா இஞ்ச பொலிஸ் பிடிக்கும், இவையளுக்கு அது இலக்கியமோ என்று அம்மா கேட்டாவாம்.

அதுவரை சிரிப்புத்தான். பிறகு விமான நிலையப் பயிற்சி என்று றொசானா அதிகாரியைப்போல மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, எங்கே போகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறா. புறப்படுகிற ஆளிடம் அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பதில் அம்மா எவ்வளவு கண்டிப்பு என்று உனக்குத் தெரியும். திரும்பிப்போய்க் கதிரையில் இருந்து, சகுனம் கழியத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தாவாம். றொசானா மறுபடி கேட்டா, அம்மா மறுபடி போய் இருந்தா, போத்தல் முடியும்வரை பயிற்சி நடந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் கேட்பார்கள், மெல்பேர்னிலும் கேட்பார்கள், நீர் இருந்து தண்ணி குடிச்சு முடியுமட்டும் பிளேன் நிக்காது என்றேன். அப்ப நான் போகேல்லை, பிள்ளையின்ர முதல் பேறு, சகுனத்தோட விளையாடமாட்டன் என்றுவிட்டா. அதன்பிறகு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. நீ அங்கே தனியே கிடந்து அவஸ்தைப்படப்போகிறாயே என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நீ போனில் கால் வீங்கியிருக்கு என்றாயே, அதைக் கேட்டுவிட்டு நேரே கிளாசுக்குப் போனா. றொசானா பயந்து பயந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறா. அம்மா கதிரையைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். மை டோட்டர், பேபி கமிங், யூ மூவ் என்றாவாம். அதிகாரியிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று றொசானாவும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலே கிடந்த பெரிய சூட்கேசை இறக்கச் சொன்னா, இறக்கிவிட்டேன்.

காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படு, உப்பைக் குறை, டொக்டர் சொல்வதைக் கேள். உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, எங்கள் ஆசி உன்னோடு இருக்கும். கஜீவனை நேரத்துக்கு விமான நிலையத்துக்கு அனுப்பிவிடு. கண்டவுடன், மாமி எப்ப திரும்பிப் போறியள் என்று கேட்டுவிடவேண்டாம் என்று சொல்லிவை. அதற்கு எனக்கே இன்னும் பதில் கிடைக்கவில்லை.

சோறு வடிக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அப்பா,
நாகேந்திரம்