அம்மாவின் இடது கன்னம்

டிசம்பர் 4, வியாழன்
இன்றும் அம்மா வலது கன்னத்துக்கு மட்டும் மஞ்சள் பூசினாள். இடது பக்கம் விரல் பட்டாலே கரண்ட் அடித்த மாதிரி வெட்டி இழுக்கிறதாம். காற்று பட்டாலும், மென்றாலும், பேசினாலும் அப்படித்தான். பல்வலி என்று முதலில் இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. முக நரம்பில் கோளாறு என்று பிறகுதான் விழுப்புரத்து டாக்டர் சொன்னார்.
அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அங்கேயும் யாரிடமும் பேசியதில்லை. ‘ஊமைக்கோட்டான்’ என்பாள் அம்மா, அவள் வாய் நன்றாக இருந்தபோது.

டிசம்பர் 7, ஞாயிறு
பக்கத்து வீட்டு அம்சா அத்தை வந்தார். “திண்டிவனத்துல ஓமியோபதி டாக்டர் இருக்காரு. சக்கரை உருண்டைதான். ஆனா இங்கிலீஷ் மருந்தோட சேராது. ரெண்டையும் துன்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?”
அம்மா விழுப்புரத்து டாக்டர் கொடுத்த நரம்பு மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். அதைச் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது, மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து கடலை பிடுங்க முடியவில்லை என்று ஏற்கெனவே புலம்பல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும்.

டிசம்பர் 9
கஞ்சி கூட இறங்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்
திண்டிவனம். பஸ்ஸில் அம்மா மேல் காற்று படாமலிருக்க ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன்.
டாக்டர் நிறையக் கேட்டார். வலி குளிரிலா, வெயிலிலா? அழுகை வருமா? அம்மாவால் பேச முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்.
“வேற மருந்து எதுனா சாப்புடுறாங்களா?”
அம்மா இல்லையென்று தலையாட்டினாள். அவர் எழுதத் தொடங்கிவிட்டார். என் வாய் ஒட்டிக்கொண்டது. பிறகு எப்படியோ —
“சாப்டுச்சு சார். நாலு நாளா நிறுத்திடுச்சு.”
அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.
அவர் பேனாவை மூடினார். “திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. என் உருண்டை அந்த மாத்திரைக்குப் பதில் இல்ல. தல சுத்துதுன்னா அந்த டாக்டர்கிட்டயே சொல்லு, அளவ மாத்துவாரு. நாளைக்கே போ.”
ஒரு சீசாவில் உருண்டையும் கொடுத்தார்.
திரும்பும் பஸ்ஸில் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியா, கோபமா?

டிசம்பர் 12, வெள்ளி
விழுப்புரம். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டச் சொன்னார்கள். அங்கேயும் நான்தான் பேசினேன்.

ஜனவரி 2, வெள்ளி
உருண்டையும் சாப்பிடுகிறாள். அதனால் ஏதாவது ஆகிறதா, எனக்குத் தெரியவில்லை. தன் வலியை ஒருவர் அவ்வளவு நேரம் கேட்டது அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 24, சனி
வலி முழுக்கப் போகவில்லை.
“இன்னுமா அந்த இங்கிலீஷ் மாத்திர?” என்று அம்சா அத்தை வாசலில் கேட்டார். “நிறுத்தச் சொல்லாதீங்க அத்த” என்றேன்.
“ஊமைக்கோட்டான் வாயாடியா ஆயிட்டா பாரு அம்சா.” உள்ளேயிருந்து அம்மா. ஒரே மூச்சில், இடையில் நிற்காமல்.
எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் இடது கன்னத்தில் மஞ்சளை ஒற்றிக்கொண்டிருந்தாள்.